ஆளுக்குப் பாதி உப்பு

கேன்டீன் மாஸ்டர் மதிய நேரத்தில் உட்கார்ந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. இருநூற்றைம்பது பேர் சாப்பிடும் கூடத்தில் அவர் கண் ஒரே ஒரு வாயின் மேல்தான் இருந்தது. மூன்றாவது மேசையில், ஜன்னலோரம் இருந்த அந்த வாய் அவருடைய மச்சானுடையது. அது மென்றது. நின்றது. கொஞ்சம் யோசித்தது. மறுபடியும் மென்றது. அதுவரை கரண்டி பிடித்த மாஸ்டரின் கை அந்தரத்திலேயே நின்றது. வரிசையில் இருந்தவர், "மாஸ்டர், அந்தப் பருப்பு எனக்கா, இல்ல சும்மா காட்டுறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது தட்டில் இறங்கியது.

மச்சான் என்றால் மாஸ்டருடைய மனைவியின் அண்ணன். காகித ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்குச் சற்றுக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன், அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்கு ஏற நாற்பத்திரண்டு படி ஏணி. ஆள் உயரத்தை மிஞ்சும் காகித உருளைகளை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார். பத்தொன்பது வருடமாக அங்கேயே குடியிருப்பதால் ஆலை முழுக்க அவருக்குப் பெயர் மாடிக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "என் சாப்பாட்டுல கை வைக்க ஒரு ஆள் எதுக்கு?" என்பார். அதனால் மூன்று வேளையும் கேன்டீன். அதாவது மூன்று வேளையும் மாஸ்டரின் கை.

அந்தக் கைக்கு இப்போது வேறு வேலை வந்திருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆலையில் நடந்த பரிசோதனையில் மாடிக்காரரின் இரத்த அழுத்தம் நூற்று எழுபத்து நான்கு. நர்சம்மா கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தார், மாடிக்காரரை ஒருமுறை பார்த்தார், பிறகு எழுதினார். எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. நூற்றைம்பதுக்குக் கீழே வராவிட்டால் கூண்டுக்குப் போக முடியாது. மேலே இருப்பவருக்குத் தலை சுற்றினால் கீழே நிற்பவருக்குத் தலையே இருக்காது, அதனால் இதில் பேச்சுக்கு இடமில்லை.

மாடிக்காரர் இதைத் தங்கையிடம் மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். மனைவிமார் அகராதியில் 'யாரிடமும்' என்பதில் கணவன் சேர்த்தி இல்லை. அன்று மாலையே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

"கூண்டை விட்டு இறக்கிட்டா எங்க அண்ணன் ரெண்டு மாசம் தாங்க மாட்டாருங்க," என்றாள் மனைவி. "அவருக்கு அங்கதான் மூச்சு. நீங்கதான் சாப்பாடு போடுறீங்க. ஏதாவது பண்ணுங்க."

மாஸ்டர் முதல் மூன்று வாரம் நேர்மையாக முயன்றார். நேர்மை அவருக்கு எப்போதுமே கைகொடுத்ததில்லை, இருந்தாலும் ஒரு மரியாதைக்கு அதை முதலில் கூப்பிட்டுப் பார்ப்பார்.

"மச்சான், உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே."

"உன் சமையலை இறக்கணும்னா துணைக்கு ஏதாவது வேணும்ல மாப்ள. அதான் உப்பு."

நர்சம்மாவிடம் கேட்டு ஒரு சுவரொட்டி வாங்கி மூன்றாவது மேசைக்கு நேராக ஒட்டினார். கண்ணீர் விடும் ஒரு இதயத்தின் படம். சாயங்காலத்துக்குள் அந்த இதயத்துக்கு யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். அச்சு அசல் மாடிக்காரரின் மீசை. வரைந்தவர் யார் என்று தேட வேண்டியதே இல்லை, பேனா அவர் பையில்தான் இருந்தது.

பிறகு அவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனித்தட்டு வைத்தார். மாடிக்காரர் பேசிக்கொண்டே அதைப் பக்கத்தில் இருந்த பாய்லர்காரரின் தட்டோடு மாற்றிவிட்டார். பாய்லர்காரர் மூன்று நாள் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் நர்சம்மாவிடம் போய், ஜலதோஷமே இல்லாமல் நாக்கு செத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறார்.

ஒருவருக்குக் குறைத்தால் மாற்றிக்கொள்வார், இருநூற்றைம்பது பேருக்கும் குறைத்தால் எங்கே போய் மாற்றுவார் என்று மாஸ்டருக்கு அன்றுதான் தோன்றியது. நர்சம்மாவின் அறையில் கிடந்த கையேட்டில் அரைப்பக்கம் இருந்தது: கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்குக்குத் தெரியாமலே பழகிவிடும். மாஸ்டர் அந்த அரைப்பக்கத்தை நான்கு முறை படித்தார். திங்கட்கிழமைதோறும் தன் பங்கிலிருந்து ஒரு கரண்டி குறைப்பது என்று முடிவு செய்தார்.

தன் பங்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு நாள் அண்டாவில் மாஸ்டரும் உப்புப் போட்டார், இரண்டாவது சமையலாளான பெரியக்காவும் போட்டார். அன்று ஆலையில் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அன்றிலிருந்து ஆளுக்குப் பாதி என்று ஆகிவிட்டது. கொதி வரும்போது பெரியக்கா தன் டம்ளரைப் போடுவார். இறக்கும்போது மாஸ்டர் தன் டம்ளரைப் போடுவார். ஒருவர் டம்ளரை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. அது கௌரவப் பிரச்சினை. மேசைகளில் உப்பு வைப்பதும் கிடையாது. 'நாங்கள் போட்டது போதாதா' என்ற அதே கௌரவம்தான்.

இதோ ஐந்து வாரம். பரிசோதனை வரும் திங்கட்கிழமை. மாஸ்டருக்குத் தூக்கம் பாதியானது, நடை இரட்டிப்பானது. அண்டாவுக்கும் கூடத்துக்கும் இடையே நாளைக்கு நூறு தடவை போய்வந்தார். வீட்டில் மனைவி சமைத்தது கரித்தது. "என்ன இது, கடலைக் காய்ச்சி ஊத்தியிருக்கே," என்றார். "இருபது வருஷமாப் போடுற அதே அளவுதான்," என்றாள் அவள். அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. ஐந்து கரண்டி குறைந்ததற்கு நாக்கு இவ்வளவு மாறிவிட்டதே என்று கையேடு எழுதியவரை மனத்துக்குள் பாராட்டிக்கொண்டார்.

மூன்றாவது மேசையில் மாடிக்காரர் மெல்வதை நிறுத்திவிட்டு எழுந்தார். தட்டோடு நேராகப் பரிமாறும் இடத்துக்கு வந்தார்.

"மாப்ள, உன் கைக்கு என்ன ஆச்சு?"

"ஏன் மச்சான், நல்லாத்தானே இருக்கு."

"பருப்பைச் சாப்பிட்டா சுடுதண்ணிக்கு யாரோ மஞ்சள் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. மீனு தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்துப்போச்சுன்னு தெரியும், ஆனா இப்படியா? தங்கச்சிகிட்ட ஏதும் சண்டையா?"

"இல்ல மச்சான்."

"சண்டைன்னா சொல்லு, பேசி வைக்கிறேன். ஊரையே ஏன் பட்டினி போடுற?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதன்கிழமைக்குள் ஒரு தாளில் அறுபத்து மூன்று கையெழுத்து விழுந்துவிட்டது. முதல் கையெழுத்து மாடிக்காரருடையது, ஏனென்றால் கேன்டீன் குழுவில் தொழிலாளர் சார்பில் பேசுகிறவரே அவர்தான். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அதிருப்தி என்றால் வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு வரவழைக்கலாமே என்றாராம். வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் கூட்டம்.

பெட்டிச் சாப்பாடு வந்தால் மாஸ்டரின் வேலை போகும். அதைவிட, அந்தப் பெட்டியில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஐந்து நாளில் பரிசோதனை. அந்த மனிதர் தன் கூண்டின் கதவைத் தானே சாத்திக்கொள்ளக் கையெழுத்து வேட்டை நடத்துகிறார், அதுவும் உற்சாகமாக.

வியாழன் காலை அவர் மனம் உடைந்து, பழைய அளவையே போட்டுவிடலாம் என்று டம்ளரைத் தலை தட்டி நிரப்பினார். கொதி வருமுன்பே அவசரமாக அண்டாவில் கவிழ்க்கப் போனவர் என்னவோ தோன்றி நின்றார். பெரியக்காவின் டம்ளர் மேடைமேல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை எட்டிப் பார்த்தார். பாதிக்கும் கீழே இருந்தது.

"பெரியக்கா, இன்னும் போடலையா?"

பெரியக்கா திரும்பவில்லை. "போடப்போறேன்."

"இதுதான் மொத்தமுமா?"

வெங்காயம் நறுக்கிய கை நின்றது. "நர்சம்மா சொன்னாங்க. எல்லாருக்கும் நல்லதாம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க, மாஸ்டர்கிட்ட சொல்லாதீங்க, ரோஷக்காரர், குதிப்பாருன்னாங்க. வாரத்துக்கு ஒரு கரண்டி."

"எத்தனை வாரமா?"

"அஞ்சு." அவர் இப்போதுதான் மாஸ்டரின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே அதன் புதிய அளவுக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. "அது என்ன கோடு?"

மாஸ்டர் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதற்குள் யாரோ விழுந்துவிட்டது போல.

"ஆக, பத்துக் கரண்டி," என்றார் பெரியக்கா. "அந்த அறுபத்து மூணு பேரும் பாவம்யா, நியாயமாத்தான் கத்தியிருக்காங்க."

அன்றைக்கு ஒரு சமரசமாக, நான்கு கரண்டி திரும்பப் போனது. ஆனால் கையெழுத்து திரும்பப் போகவில்லையே. கூட்டம் அதே கூடத்தில்தான். மேனேஜர், குழு உறுப்பினர்கள், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்ற ஒரு ஐம்பது பேர். மாடிக்காரர் எழுந்தார். மேலேயே இருந்து பழகியவர் என்பதால் கீழே பேசும்போதும் கொஞ்சம் எட்டுமாறு பேசுவார்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு சார். ஆஸ்பத்திரியிலயாவது பார்க்க வர்றவங்க ஆரஞ்சுப்பழம் கொண்டு வருவாங்க. உலர்த்துற மெஷின் பக்கத்துல நிக்கிறவன் ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு சட்டை பிழியுறான். அவன் உடம்புல இருந்து உப்பு போகுது, வர்ற வழியக் காணோம். மாஸ்டர் என் தங்கச்சி புருஷன். அதுக்காக நான் பொய் சொல்ல முடியுமா? இதைவிட அந்தச் சுவரொட்டியை ஊறவச்சுக் குடிக்கலாம்."

கைதட்டினார்கள். மேனேஜர் மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் முந்தின நாள் முழுவதும் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தார். பருவம், புது மூட்டை உப்பு, தண்ணீர் மாற்றம் என்று அதில் மூன்று பொய் இருந்தது. எழுந்து நின்றதும் மூன்றும் மறந்துவிட்டது. மிச்சம் இருந்தது உண்மை மட்டும்தான், அதை எப்படிப் பேசுவது என்று அவருக்குப் பழக்கம் இல்லை.

"உப்பைக் குறைச்சது நான்தான்," என்றார். "வேணும்னேதான்."

"பாதி நான்," என்றார் பெரியக்கா பின்னாலிருந்து.

"ஏன்?" என்றார் மேனேஜர்.

"இங்க ஒருத்தருக்கு உப்பு ஆகாது. இப்படியே போனா அவரு பிரியப்பட்டது ஒண்ணு கைய விட்டுப் போயிடும். நேராச் சொல்லிப் பார்த்தேன், கேக்கல. அவருக்கு மட்டும் குறைச்சா ஏமாத்துறாரு. அதான் எல்லாருக்கும் குறைச்சேன். உங்களைக் கேக்காம பண்ணினது தப்புதான்."

"யாரு அது?" என்று ஒரு குரல் கேட்டது.

"சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் மூன்றாவது மேசைப் பக்கம் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டார். பார்க்காமலிருக்க உத்தரத்தை எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார்.

கடைசியில், மேனேஜர் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அதுவரை கை கழுவும் இடத்தருகே தனி மேசையில் ஒரு கிண்ணம் உப்பு வைப்பது, வேண்டுமென்கிறவர் எழுந்து போய்ப் போட்டுக்கொள்வது. அவ்வளவுதான் தீர்மானம். மாடிக்காரர் அதற்குக் கையைத் தூக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பாய்லர்காரர் சமையலறைக் கதவருகே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"மாஸ்டர். அது நான்தானே?"

"எது?"

"அந்த ஒரு ஆளு. எனக்குக் காலெல்லாம் வீங்குது. உங்ககிட்ட யார் சொன்னா?"

"நீங்க இல்லையே," என்றார் மாஸ்டர், உண்மைப் பழக்கம் இன்னும் விடாமல்.

பாய்லர்காரரின் முகம் விழுந்தது. "ஓ," என்றார். "சரி. நமக்காக யாரு அவ்வளவு தூரம்…" தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். மாஸ்டர் அவர் முதுகைப் பார்த்தார். தாங்கவில்லை. பின்னாலேயே ஓடி, வாசலில் கையைப் பிடித்து, "வெளிய சொல்லிடாதீங்க, நீங்கதான்," என்றார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சுமை ஏற்றுகிறவர் வந்தார். வெட்டும் இயந்திரத்துக்காரர் வந்தார், தன் அப்பா எந்த வயதில் விழுந்தார் என்று சொன்னார். கடிகாரமே பார்க்காத எலக்ட்ரீஷியன் வேலை நேரத்துக்கு முன்னால் வந்தார். சனிக்கிழமை மாலைக்குள் பதினொரு பேர். பதினொரு பேரிடமும் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "நீங்கதான்," என்றார். பதினொரு பேரும் அந்தக் கிண்ணத்தின் பக்கம் போகவில்லை. போனவர்களில் முக்கியமானவர் மாடிக்காரர். ஒவ்வொரு வேளையும் எழுந்தார், கூடத்தைக் குறுக்கே கடந்தார், எல்லோரும் பார்க்க ஒரு சிட்டிகை அள்ளினார், திரும்பி வந்தார். ஒவ்வொரு சிட்டிகையையும் மாஸ்டர் எண்ணினார். பரிசோதனைக்கு இரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்தவர் உட்காரவில்லை. அலமாரியில் இருந்த பொருள்களை எடுத்துப் பார்த்து வைத்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். மனைவி அடுப்படிக்குப் போனதும் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"பாய்லர்காரன் என்கிட்ட சொன்னான், மாஸ்டர் தனக்காகத்தான் பண்ணினாருன்னு. கண்ணுல தண்ணி."

"அப்படியா?"

"லோடுக்காரன் சொன்னான், தனக்காகத்தான்னு. அப்புறம் எலக்ட்ரீஷியன். எண்ணிப் பார்த்தா பதினொண்ணு. என்ன மாப்ள, ஆலையில பாதிப் பேருக்கு வாக்குக் குடுத்திருக்கே. எலக்‌ஷன்ல நிக்கிறியா?"

மாஸ்டர் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"பதினொரு பேர்கிட்ட நீதான்னு சொல்லியிருக்கே," என்றார் மாடிக்காரர். அவர் குரலில் கிண்டல் இறங்கிப்போயிருந்தது. "என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க வந்து கேக்கலையே மச்சான்."

"நான் எதுக்குடா கேக்கணும்? கூட்டத்துலயே தெரியும். பிரியப்பட்டது கைய விட்டுப் போயிடும்னியே, வேற யாருக்கு அந்த ஆலையில பிரியப்பட்டது இருக்கு? எல்லாம் சம்பளத்துக்கு வர்றவங்க." ஜன்னலை மறுபடியும் திறந்தார். "அம்பது பேரு முன்னாடி எழுந்து பேசினேன், உன்னைத் தூக்கணும்னு. உனக்கு ஒரு வார்த்தை போதும். இவருக்காகத்தான்னு கையை நீட்டியிருந்தா நான் அங்கேயே செத்திருப்பேன். நீ உத்தரத்தைப் பார்த்துட்டு நின்னே."

"அப்புறம் ஏன் தினமும் போய் உப்பு அள்ளினீங்க?"

"பயமா இருந்துச்சு," என்றார் மாடிக்காரர். "அள்ளலைன்னா அது நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே."

மாஸ்டருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. உள்ளேயிருந்து மனைவி, "சாப்பிட வாங்க," என்றாள். மாடிக்காரர் அன்று உப்புக் கேட்காமல் சாப்பிட்டார். தங்கை உப்பைப் பாதிதான் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பரிசோதனை. பத்தரைக்கு மாஸ்டர் மூன்றாவது தடவையாகப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மாடிக்காரர் சமையலறைக் கதவருகே வந்து நின்றார். பதினொரு பேர் நின்ற அதே இடம்.

"நூத்தி அம்பத்தாறு," என்றார்.

எழுபத்து நான்கிலிருந்து ஐம்பத்தாறு. பதினெட்டுப் புள்ளி இறங்கியிருந்தது. இன்னும் ஏழே ஏழு. அந்த இரண்டு நாள் சிட்டிகைகளை மாஸ்டர் மறுபடி எண்ணிப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

"ஒரு மாசம் கீழ. அதுக்கப்புறம் மறுபடி பார்க்கலாம்னாங்க. எறங்குற வழியிலதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க. எறங்குற வழியாம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மேல ஒரு சின்னப் பையன் ஏறியிருக்கான். உருளையை எறக்குறப்போ டம்முனு வைக்கிறான். இங்க வரைக்கும் கேக்குதா?"

கேட்டது. மேடைமேல் டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. பெரியக்கா ஒரு முக்காலியை நகர்த்தி வைத்தார்.

அந்த ஒரு மாதம் மாடிக்காரர் கீழே நின்று கையசைத்துச் சைகை காட்டினார். ஒவ்வொரு டம்முக்கும் தோளைக் குறுக்கினார். தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார். மதியம் மட்டும் வேறு ஆளாக மாறிவிடுவார். கிண்ணத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, உப்பு அள்ள வருகிறவர்களிடம், "எடு, நல்லா எடு. கீழ எனக்குப் பேச்சுத்துணை இல்லாம இருக்கு, நீயும் வந்துடு," என்பார். மூன்றாம் நாளே மேனேஜர் உப்புக்காக அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார், பெட்டிச் சாப்பாட்டுப் பேச்சையும் விட்டுவிட்டார். இரண்டாம் வாரத்தில் கிண்ணத்தில் உப்பு கட்டிபட்டிருந்தது.

ஒரு மதியம் தட்டோடு பரிமாறும் இடத்துக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. அன்று காலை அந்தச் சின்னப் பையன் ஒரு உருளையின் விளிம்பை நசுக்கியிருந்தான்.

"இன்னும் எத்தனை நாள் மச்சான்?" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"பதினாறு."

"சாப்பாடு எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு," என்றார் மாடிக்காரர், தட்டை நீட்டி. "இன்னும் ஒரு கரண்டி ஊத்து."